தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே

1978-ஆம் வருடத்து ஆர்கோசி மோட்டார் ஹோம் ஒன்றை வாங்கியிருக்கிறோம் என்று சொன்னபோது எல்லாரும் என்ஜினைப் பற்றித்தான் கேட்டார்கள். எத்தனை மைல் ஓடியிருக்கிறது, பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், டயர் எந்த வருடத்தது என்று. கேட்கவேண்டிய கேள்விகள்தாம். செவ்ரலே பி-30 சட்டகத்தின்மேல் 454 கன அங்குல வி-8 என்ஜின், 7.4 லிட்டர். அது குடிக்கிற பெட்ரோலுக்குக் கணக்கு வைத்தே ஆகவேண்டும். ஆனாலும் என்ஜின் போனால் வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம். பழைய வீட்டு வண்டிகள் பெரும்பாலும் சாவது சுவருக்குள்ளிருந்து. இரண்டு தகடுகளுக்கு நடுவே யார் கண்ணுக்கும் படாத ஒன்றரை அங்குல இடத்தில் ஈரம் தங்கி, பஞ்சு சரிந்து, பலகை உளுத்து, ஒருநாள் வண்டி பழைய இரும்புக் கடைக்குப் போகிறது.

நாங்கள் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் பக்கம் குடியேறி நெடுங்காலம் ஆகிறது. விருதுநகர் வெயிலில் வளர்ந்தவனுக்கு இங்கத்து ஜனவரி பழகவே பல வருடம் பிடித்தது. ஊர் சுற்றுவதில் எனக்கும் மனைவிக்கும் ஒரே ஆசை. ஹோட்டல் அறையைவிட, நம் அடுப்பில் காபி போட்டுக் குடித்துக்கொண்டு போகிற பயணம்தான் இருவருக்கும் பிடிக்கும். அந்த ஆசை எங்களை ஒரு விவசாயக் குடும்பத்தின் களஞ்சியம்வரை கொண்டுபோய் நிறுத்தியது. வண்டியை ஓட்டிய பெரியவர் காலமாகிவிட்டார். அதன்பின் அது பல வருடமாக வைக்கோல் கட்டுகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. அவருடைய மனைவிக்கு எழுபத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். நாங்கள் வருகிறோம் என்று உள்ளே பெருக்கித் துடைத்து, ஜன்னல் திரைகளைத் துவைத்து மாட்டி வைத்திருந்தார். அப்படியிருந்தும் கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது சுண்டெலி மூத்திர நெடி. அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்கும் தெரிந்திருந்தது. "சுவருக்குள்ளே இருக்கிறது. அங்கேதான் என் கை எட்டவில்லை" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காகவே வண்டியை வாங்கினேன் என்று சொன்னால் மனைவி ஒத்துக்கொள்ளமாட்டாள். ஆனால் குறையை மறைக்காமல் சொன்னவரிடம் பேரம் பேச எனக்கு வாய் வரவில்லை.

இந்த வண்டிகளின் பிறப்பைக் கொஞ்சம் சொல்லவேண்டும். வாலி பயாம் தொடங்கிய ஏர்ஸ்ட்ரீம் கம்பெனி 1936-ல் கிளிப்பர் என்ற இழுவை வண்டியை வெளியிட்டது. அதற்கு முன்மாதிரி, கிளைடர் விமானங்கள் வடிவமைத்த ஹாலி பௌலஸ் செய்த வண்டி. 1927-ல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பறந்த விமானத்தைக் கட்டும் வேலையை மேற்பார்த்தவர் இதே பௌலஸ்தான். அதனால் இந்த வண்டியின் உடம்பும் விமானத்தின் உடம்பு மாதிரியே அமைந்தது: அலுமினியச் சட்டங்கள், அவற்றின்மேல் அலுமினியத் தகடு, எல்லாவற்றையும் இழுத்துப் பிடிக்கும் ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள். 1952 முதல் அந்தக் கம்பெனி ஒஹாயோவின் ஜாக்சன் சென்டரில் இருக்கிறது. எங்கள் வீட்டிலிருந்து வடக்கே ஒரு மணி நேர ஓட்டம். 1970களில் ஆர்கோசி என்ற பெயரில் பெயின்ட் அடித்த வண்டிகளைக் கொண்டுவந்தார்கள். முதலில் இழுவை வண்டி, பிறகு தானே ஓடும் மோட்டார் ஹோம்.

வெளித்தகடு ஒன்று, உள்தகடு ஒன்று, நடுவில் கண்ணாடிப் பஞ்சு. சுவர் என்பது இவ்வளவுதான். அதே காலத்தில் மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். அயோவா மாநிலத்து விண்ணபேகோ கம்பெனி, நுரைப் பலகையை நடுவில் வைத்து இருபுறமும் தகடும் பலகையும் ஒட்டிய சுவரைத் தெர்மோ-பேனல் என்று விற்றது. மிச்சிகனின் பான்டியாக்கில் 1973 முதல் 1978 வரை உருவான ஜி.எம்.சி. மோட்டார் ஹோமில் பாலியூரிதேன் நுரையைப் பீய்ச்சி அடைத்தார்கள். அவை இரண்டும் நல்ல யோசனைகள். ஆனால் ஒட்டிய சுவரையும் நுரை பாய்ந்த சுவரையும் வீட்டு முற்றத்தில் வைத்துப் பிரித்து மறுபடி அதே மாதிரி கட்டுவது பெரும்பாடு. ரிவெட் போட்ட சுவரை ஒரு டிரில்லும் பொறுமையும் இருந்தால் திறந்துவிடலாம். திறந்து பார்க்க முடிகிற சுவர்தான் ரிப்பேர் செய்ய முடிகிற சுவர்.

கண்ணாடிப் பஞ்சைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அது இந்த மண்ணின் சரக்கு. 1930களில் ஒஹாயோவின் கண்ணாடித் தொழிலிலிருந்து வளர்ந்தது. ஓவன்ஸ்-கார்னிங் கம்பெனி 1938-ல் டொலீடோவை மையமாக வைத்துத்தான் தொடங்கியது. உருக்கிய கண்ணாடியை மயிரிழையாக இழுத்து அடுக்கினால், இழைகளுக்கு நடுவே காற்று சிக்கிக்கொள்கிறது. குளிரைத் தடுத்து நிறுத்துவது அப்படி அசையாமல் சிக்கிய காற்றுதான். வீட்டுச் சுவரில் வைத்தால் அது வைத்த இடத்தில் இருக்கும். ஓடுகிற வண்டியில், ரோட்டின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நூலளவு கீழே இறங்கும். நனைந்தால் கனம் கூடி இன்னும் இறங்கும். நாற்பது வருடத்துக்குமேல் ஆனபின் அது எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்லிவிட முடியும். கண்ணால் பார்ப்பது வேறு.

அலமாரி, கட்டில், கழிவறைத் தடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக் கொட்டகையில் அடுக்கியபின், மிச்சிகனிலிருந்து என் மைத்துனன் வந்தான். மனைவியின் தம்பி. நான் அவனை மாப்ள என்பேன், அவன் என்னை அத்தான் என்பான். கைவேலையில் அவனிடம் இருக்கிற நிதானம் எங்கள் இரண்டு குடும்பத்திலும் வேறு யாருக்கும் இல்லை.

உள்தகட்டைப் பிடித்திருப்பவை அரைக்கால் அங்குல பாப் ரிவெட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் சின்னக் குழி, குழிக்குள் ஒடிந்த ஆணித்துண்டு. முதலில் அந்தத் துண்டைப் பஞ்ச் வைத்துத் தட்டி உள்ளே தள்ளவேண்டும். பிறகு 30-ஆம் எண் பிட்டைக் குழியில் நிறுத்தி, மெதுவாக ஓட்டினால் தலை மட்டும் வளையமாகக் கழன்று பிட்டில் ஏறிக்கொள்ளும். வேகமாக ஓட்டினால் ரிவெட் முழுசும் பிட்டோடு சேர்ந்து சுழலும், துளை பெரிதாகிவிடும், அந்த இடத்தில் மறுபடி அதே அளவு ரிவெட் பிடிக்காது. மைத்துனன் பிட்டில் சேர்ந்த வளையங்களை ஒவ்வொன்றாக உருவி ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டே போனான். தகடு கழன்றதும் அதன் முதுகில் எண் போட்டு, எந்தப் பக்கம் மேல் என்று அம்புக்குறி வரைந்தோம். பழைய தகட்டையே திரும்ப மாட்டப்போகிறோம் என்பதால் ஒவ்வொரு துளையும் பழைய இடத்துக்கே வந்து சேரவேண்டும்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த முதல் தகட்டைக் கழற்றியது நன்றாக நினைவிருக்கிறது. கடைசி ரிவெட் விட்டதும் தகடு முன்னால் சாய்ந்தது. அதன் பின்னாலிருந்து அக்ரூட் ஓடுகள் பலபலவென்று தரையில் கொட்டின. சுவரின் மேல் பாதியில் பஞ்சே இல்லை. வெளித்தகட்டின் உட்புறம் வெறுமையாக மின்னியது. கீழ்ப் பாதியில் பஞ்சு சரிந்து, அழுந்தி, பழுப்பு நிறக் கட்டியாகக் கிடந்தது. அதைக் குடைந்து சுண்டெலிகள் அறை அறையாகக் கூடு கட்டியிருந்தன. கூட்டுக்குள் கிழிந்த காகிதம், வைக்கோல், பழைய மெத்தையின் நூல், விதைத் தோல். கூட்டைக் கடந்து ஓடிய விளக்கு வயரின் மேலுறை ஒரு சாண் நீளத்துக்குக் கடிக்கப்பட்டு, செம்புக் கம்பி வெளியே தெரிந்தது.

"இதுல பாதிச் சுவருக்குப் பஞ்சே இல்ல அத்தான்" என்றான். "அவங்க இத்தனை வருஷம் குளிர்ல வெறுந் தகட்டுக்குள்ளதான் படுத்திருக்காங்க."

இன்னொன்றையும் அவன்தான் கவனித்தான். மிஞ்சிய பஞ்சில் அங்கங்கே கரிய கறை, புகை படிந்ததுபோல. பூஞ்சணமோ என்று நினைப்போம். பெரும்பாலும் அது தூசி. எந்த இடுக்கில் காற்று உள்ளே வந்து போகிறதோ அங்கே பஞ்சு வடிகட்டி வேலை செய்து, காற்றிலுள்ள அழுக்கைத் தன்மேல் பிடித்துக்கொள்கிறது. கறை இருந்தால் அதற்கு நேராக எங்கோ இடைவெளி இருக்கிறது என்று அர்த்தம். பழைய பஞ்சை அள்ளிக் கொட்டுவதற்கு முன்னால் அதைப் படித்துவிடவேண்டும். நாங்கள் ஒவ்வொரு கறைக்கும் நேராக வெளித்தகட்டில் சாக்பீஸ் வட்டம் போட்டோம். பிற்பாடு அந்த வட்டங்கள் எவ்வளவு உதவின என்பதை நினைத்தால், யார் இந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் இதைச் சொல்லத் தோன்றுகிறது.

எலிக்கூட்டைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்லியாகவேண்டும். வட அமெரிக்காவில் வெள்ளை வயிற்று மான் சுண்டெலியின் எச்சத்தில் ஹான்டா வைரஸ் இருக்கலாம். 1993-ல் நியூ மெக்சிகோ, அரிசோனாப் பக்கம் திடகாத்திரமான இளவயதினர் மூச்சுத்திணறி இறந்தபோதுதான் இந்த நோய் இங்கே வெளிச்சத்துக்கு வந்தது. காய்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசி கிளம்பி மூச்சில் ஏறும். ஆகவே துடைப்பமும் கூடாது, வேக்குவமும் கூடாது. கதவு ஜன்னலைத் திறந்துவைத்துக் காற்றாட விட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கூடு ஊற ஊறத் தெளித்து, ஐந்து நிமிடமாவது பொறுத்து, கையுறையோடு ஈரமாகவே அள்ளிப் பையில் கட்டவேண்டும். வயதான பெற்றோர் விட்டுச்சென்ற வண்டியை ஒரு சனிக்கிழமையில் சுத்தம் செய்துவிடலாம் என்று துடைப்பத்தோடு இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. பிளீச் அலுமினியத்தை அரிக்கும் என்பதால் பிற்பாடு தகட்டை நல்ல தண்ணீரால் துடைத்துக் காயவைக்கவும் வேண்டும்.

கண்ணாடிப் பஞ்சு அவ்வளவு கொடியது இல்லை. புற்றுநோய் ஆராய்ச்சிக்கான சர்வதேச அமைப்பு 2001-ல் இன்சுலேஷனுக்குப் பயன்படும் கண்ணாடிப் பஞ்சைப் புற்றுநோய்ச் சந்தேகப் பட்டியலிலிருந்து இறக்கிவிட்டது. ஆனால் அரிப்பு அரிப்புதான். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, என்-95 முகமூடி. வேலை முடிந்தால் பச்சைத் தண்ணீரை மேலே ஓடவிடவேண்டும், தேய்க்கக் கூடாது. அந்தத் துணிகளை மனைவி வீட்டுத் துணியோடு சேர்க்கவே விடவில்லை. சரிதான்.

கூரைத் தகடுகளில் ஒன்றைக் கழற்றியபோது அதன் முதுகில் பென்சிலால் எழுதிய எண்கள் இருந்தன. அங்குலக் கணக்கு. ஒரு கழித்தல்; கீழே கோடு; விடையை ஒரு வட்டம் சுற்றி, பக்கத்தில் வெட்டவேண்டிய வளைவைத் தோராயமாக வரைந்திருந்தார் யாரோ ஒருவர். தொழிற்சாலையில் அந்தத் தகட்டை வெட்டிப் பொருத்தியவராக இருக்கவேண்டும். அவர் பஞ்சை அடைத்துத் தகட்டை மூடிய நாளுக்குப் பிறகு அந்தக் கணக்கை யாரும் பார்த்ததில்லை. நான் வாழ்நாள் முழுக்க ஒரு தொழிற்சாலையில் அளந்து சரிபார்க்கும் வேலை செய்தவன். அந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தேன். சரியாக இருந்தது. தகட்டின் அந்தப் பகுதியை மட்டும் துடைக்காமல் விட்டோம். எங்கள் எண்களையும் அதே பக்கத்தில் பென்சிலாலேயே எழுதினோம்.

என்ஜின் மூடியில் மட்டும் கையை வைக்கவில்லை. இந்த மாதிரி வண்டியில் என்ஜின் ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே, ஒரு மூடிக்கு அடியில் இருக்கிறது. அதன் அடியில் ஒட்டியிருந்த சாம்பல் நிறப் பாய் 1970களின் சரக்கு. ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம் என்று பயம். தண்ணீர் தெளித்து ஈரமாக்கி, நகத்தளவு கிள்ளி, இரட்டைப் பையில் போட்டுச் சோதனைச் சாலைக்கு அனுப்பிவிட்டு, மூடியைப் பாலிதீனால் சுற்றிக் கட்டிவைத்தோம். இல்லை என்று பதில் வந்தபிறகே உரித்தோம். அந்த இடத்துக்கு மற்றச் சுவர்களுக்குப் போடுவதைப் போட முடியாது. பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் குழாய் கொதிக்கிறது. தீப்பிடிக்காத, அலுமினிய முகம் வைத்த கண்ணாடி இழைப் பாயை இரும்புப் பட்டை வைத்து இறுக்கினோம். ஒட்டுப் பசையை மட்டும் நம்பினால் சூட்டில் விட்டுவிடும்.

பஞ்செல்லாம் போனபின் வண்டி வெறும் எலும்புக் கூடாக நின்றது. அந்த நிலையில் செய்யவேண்டிய மிக முக்கியமான வேலை தண்ணீர் பிடிப்பது. மனைவி வெளியே ஏணிபோட்டுக் குழாயைப் பிடித்தாள். கீழே ஆரம்பித்து மெல்ல மேலே. மேலே ஆரம்பித்தால் எந்த ஓட்டை ஒழுகுகிறது என்று தெரியாது. உள்ளே நானும் மைத்துனனும் ஆளுக்கொரு டார்ச்சோடு நின்றோம். ஜன்னல் ரப்பரின் மூலையில் ஒரு துளி திரண்டது. கூரையில் ஏ.சி. உட்கார்ந்திருந்த இடத்தைச் சுற்றி ஈரம் கோடு போட்டது. ஆட்டம் கண்ட இரண்டு மூன்று ரிவெட்டுகளின் கழுத்திலிருந்து கசிந்தது. சாக்பீஸ் வட்டங்களில் பாதிக்குமேல் நனைந்தன. நாற்பது வருடத்துப் பழைய சீலன்ட் கல்லாகிக் காய்ந்து வெடித்திருந்தது. எந்த வண்டிக்கும் அந்த வயதில் வருகிற நிலைதான். பழையதைச் சுரண்டி எடுத்து, பாலியூரிதேன் சீலன்ட் வைத்தோம். சிலிக்கான் வைக்கவில்லை. அது ஒருமுறை படிந்தால் பிற்பாடு அந்த இடத்தில் வேறு எதுவும் ஒட்டாது, பெயின்ட்டும் நிற்காது. பின்பக்கத் தரைப் பலகை உளுத்திருந்த இடத்தை வெட்டி மெரைன் பிளைவுட் வைத்து, அதன் ஓரங்களுக்கு எபாக்சி பூசினோம்.

எல்லாம் காய்ந்தபிறகு எல்லாரும் கேட்கிற கேள்விக்கு வந்தோம்: எந்த இன்சுலேஷன்?

இங்கே எல்லாரும் ஆர் மதிப்பு என்கிற ஒரே எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். வெப்பம் கடப்பதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு. ஓர் அங்குலத்துக்குக் கண்ணாடிப் பஞ்சு 3-க்குச் சற்றுமேல், எக்ஸ்.பி.எஸ். நுரைப் பலகை 5, பாலியைசோ பலகை 6-ஐ ஒட்டி, பீய்ச்சும் கெட்டி நுரையும் ஏறக்குறைய அதே. ஒன்றரை அங்குலச் சுவரில் நடுவே எதை வைத்தாலும் 5-லிருந்து 9-க்குள் முடிந்துவிடுகிற கதை. அந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. நான் பயந்தது ஈரத்துக்கு.

குளிர் இரவில் வண்டிக்குள் இரண்டு பேர் தூங்கினால் மூச்சிலும் தோலிலுமாக ஏறக்குறைய அரை லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது. புரோப்பேன் அடுப்பு எரிந்தால், ஒரு கிலோ வாயுவுக்கு ஒன்றரைக் கிலோவுக்குமேல் நீராவி பிறக்கிறது. இரசாயனக் கணக்கு அது, தப்பவே முடியாது. உள்ளே 20 டிகிரி, ஈரப்பதம் 50 சதவிகிதம் என்றால், 9 டிகிரிக்குக் கீழே இருக்கிற எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று தண்ணீரை விட்டுவிடும். ஒஹாயோ குளிர்காலத்தில் வெளித்தகடு உறைநிலையில் இருக்கும். ஃபிரிஜ் தண்ணீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளர் வேர்ப்பதுபோல அதன் உட்புறம் வேர்த்து வடியும். கூரை ஒழுகாமலே சுவருக்குள் மழை பெய்கிற மாதிரிதான். பழைய பஞ்சை நனைத்ததில் பாதி வெளியிலிருந்து வந்த தண்ணீர் என்றால், மீதி அவர்கள் சமைத்து, சாப்பிட்டு, தூங்கிய வருடங்களின் நீராவி. ஆக, வெப்பத்தைத் தடுக்கிற பொருளைத் தேடுவதைவிட, வந்த ஈரம் போவதற்கு வழிவிடுகிற சுவரைக் கட்டுவதுதான் எங்கள் வேலை என்று ஆனது.

அந்தக் கண்ணோடு பார்த்தபோது முடிவெடுப்பது சுலபமாயிற்று. பீய்ச்சும் நுரை வேண்டாம். அது தகட்டோடு ஒட்டிக்கொண்டு வயரையும் புதைத்துவிடும்; நாளைக்கு ஒரு ரிவெட் கசிந்தால் திறந்து பார்க்க வழியில்லை. வெள்ளி நிறக் குமிழிப் படலம் சுவருக்கு வேண்டாம். அது கதிராக வரும் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் சரக்கு. அதற்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் வேலை செய்யும். தகட்டோடு தகடாக ஒட்டிவிட்டால் அதில் பயன் மிகக் கொஞ்சம். பலபேர் அதை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள் என்பது எனக்கு வருத்தமே. பலகைகளை வெட்டி வைக்கலாம் என்றால், இந்த வண்டியின் மூலைகள் இருபுறமும் வளைந்தவை; பலகை வளையாது; பின்னால் இடைவெளி விழும்; அந்த இடைவெளியில் ஈரக் காற்று போய் உட்காரும்.

கடைசியில் சுவருக்கும் கூரைக்கும் ஆட்டுக் கம்பளி என்று முடிவு செய்தோம். ஓர் அங்குலத்துக்கு ஆர் மதிப்பு நல்ல கண்ணாடிப் பஞ்சை ஒட்டியே இருக்கும். ஆனால் கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை, தொட்டால் நனைந்தது தெரியாத அளவுக்கு, உள்ளே வாங்கிக்கொள்ளும். காற்று காய்ந்ததும் திருப்பிக் கொடுத்துவிடும். இழைகள் சுருண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்வதால் அதிர்வில் சரிவதும் குறைவு. அந்துப் பூச்சி வராமல் போரேட் உப்பு ஏற்றி விற்கிறார்கள். விலை கூடுதல்தான். தரைக்கு அடியில் மட்டும் எக்ஸ்.பி.எஸ். பலகை, ரோட்டுத் தண்ணீர் தெறிக்கிற இடத்தில் தண்ணீர் குடிக்காத பொருள்தான் வேண்டும்.

கம்பளிக் கட்டைப் பிரித்ததும் வண்டி முழுக்க ஆட்டுக் கிடை வாசம். எங்கள் ஊர்ப் பக்கம் அறுவடை முடிந்த நிலத்தில் கிடை போடுவார்கள். மனைவி வாசலில் நின்று முகர்ந்துவிட்டு, "இது போயிருமில்ல?" என்று கேட்டாள். சில வாரத்தில் போய்விட்டது. எனக்கு அது இன்னும் கொஞ்சநாள் இருந்திருக்கலாம் என்றுதான் பட்டது.

கம்பளியைத் திணிக்கக் கூடாது. அழுத்தினால் சிக்கிய காற்று வெளியேறிப்போய்ச் சுவரின் மொத்தத் தடுப்பும் குறையும். கையால் உதிர்த்து, பஞ்சு கொட்டுகிறவர் மெத்தைக்கு உதிர்ப்பாரே அந்தப் பதத்தில், இடத்தை நிரப்பவேண்டும், அவ்வளவே. சரியாமல் இருக்கச் சட்டத்துக்குச் சட்டம் குறுக்கே நைலான் நூல் கட்டினோம். மூலை வளைவுகளை மனைவி எடுத்துக்கொண்டாள். அவள் விரலுக்கு வாகாக அங்கே கம்பளி உட்கார்ந்தது.

சட்டங்களை மறந்துவிட்டு எவ்வளவு நல்ல பொருள் வைத்தாலும் வீண். அலுமினியம் கம்பளியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். வெளித்தகடும் உள்தகடும் அதே சட்டத்தில் ரிவெட் ஆகியிருப்பதால், ஒவ்வொரு சட்டமும் குளிர் உள்ளே நடந்துவரும் பாலம். பாலத்தை இடிக்க முடியாது. சட்டத்தின் முகத்தில் மெல்லிய நுரைப் பட்டை ஒட்டி, அதன்மேல் உள்தகட்டை வைத்து ரிவெட் அடித்தோம். ரிவெட் வழியாகக் கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனால் சட்டம் முழுக்கத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்த நிலை மாறியது.

மூடுவதற்கு முன்னால் எலிக்கும் பதில் சொல்லவேண்டியிருந்தது. கால் அங்குலத் துளை இருந்தால் சுண்டெலி நுழைந்துவிடும். தண்ணீர்க் குழாய், வாயுக் குழாய், வயர் எல்லாம் தரையைத் துளைத்து வருகிற இடங்களைத் துத்தநாகம் பூசிய கம்பி வலையால் அடைத்தோம். பலர் செம்புக் கம்பிச் சுருளைத் திணிப்பார்கள். செம்பும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் அலுமினியம்தான் அரிபடும். துத்தநாகம் அலுமினியத்துக்குப் பகை இல்லை. வயர்கள் எல்லாவற்றையும் புதிதாக இழுத்துக் குழாய்க்குள் விட்டோம். ஒவ்வொரு சுவரிலும் அளவு டேப்பை ஒட்டிவைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். நாளைக்கு யார் எந்த இடத்தில் டிரில் வைத்தாலும் பின்னால் என்ன ஓடுகிறது என்று தெரியவேண்டும்.

தகடுகளைத் திரும்ப மாட்டும்போது கிளிகோ என்கிற ஸ்பிரிங் பிடிப்பான்கள் கையிலிருந்தன. விமானத் தகட்டுக்காரர்களின் சாமான். துளைக்குத் துளை அவற்றைக் குத்தித் தகட்டை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்த இடத்தில் ரிவெட் அடித்துக்கொண்டே போகவேண்டும். துளைகள் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தன. அலுமினிய உள்தகடு நீராவியை விடாது; ஆனால் அதன் இணைப்புகளும், விளக்குக்கும் சுவிட்சுக்கும் வெட்டிய ஓட்டைகளும் விட்டுவிடும். அதனால் இணைப்புகளுக்கு அடியில் பியூட்டைல் பட்டை, சுவிட்ச் பெட்டிகளைச் சுற்றி சீலன்ட். பஞ்சில் கண்ட கரிய கறைகளில் பல அந்த ஓட்டைகளுக்கு நேராகத்தான் இருந்தன என்பது மூடுகிறபோது இன்னும் தெளிவாகப் புரிந்தது.

களஞ்சியத்து அம்மாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிவந்து காட்டினோம். உள்ளே ஏறி, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு மூச்சை நன்றாக இழுத்து முகர்ந்தார். பெரியவர் எந்தெந்த ஊருக்கு ஓட்டிப்போனார் என்று அதன்பிறகு நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார். போகும்போது அவருடைய சாலை வரைபடங்களை ஒரு பையில் போட்டு மனைவியிடம் கொடுத்தார்.

உறைபனி விழுந்த நவம்பரில் ஈரி ஏரிக்கரையில் இரவு தங்கினோம். மைத்துனனும் வந்திருந்தான். ஹீட்டர் ஓடி நின்று, ஓடி நின்று, விடியும்வரை உள்ளே கதகதப்பாகவே இருந்தது; இடைவெளிகள் நீண்டதை மூவருமே கவனித்தோம். கூரைக் காற்றுத் திறப்பை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருந்தோம். அதை மூடினால் இத்தனை வேலையும் பாழ். காலையில் சுவரைத் தடவிப் பார்த்தேன். காய்ந்திருந்தது. மைத்துனன் இரவல் வாங்கிவந்த வெப்பக் கேமராவைச் சுவரில் ஓட்டினான். சட்டங்கள் மங்கலான கோடுகளாகத் தெரிந்தன. ஜன்னல்கள் மட்டும் திரையில் கருநீலமாக நின்றன. ஒற்றைக் கண்ணாடி. அடிச் சட்டத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"சுவரெல்லாம் சரி. இதுக்கு என்ன பண்ணப்போறீங்க?" என்று மனைவி துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"உள்பக்கமா அக்ரிலிக் ஷீட் வச்சு, சுத்தி காந்தப் பட்டை போட்டா குளிர்காலத்துக்கு மாட்டலாம், வெயில் காலத்துல கழட்டிரலாம் அக்கா" என்றான் அவள் தம்பி. டேப்பை எடுத்து அப்போதே அளக்க ஆரம்பித்துவிட்டான். நான் அவன் சொல்லச் சொல்ல அளவுகளை எழுதிக்கொண்டேன்.